ஊசி போட்ட மறுநாள்

மாரிகுப்பம்
4 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள ஜூடித் அக்காவுக்கு,

பக்கத்து வீட்டு ராணி எழுதுகிறேன். கவரின் பின்பக்கம் என் பெயரைப் போடவில்லை. போட்டால் பிரிக்காமலே கிழித்துவிடுவீர்கள் என்று பயம். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆம்பூரில் உங்கள் அண்ணன் டக்ளஸ் வீட்டு விலாசத்தை உங்கள் வீட்டுக்காரர் மேக்ஸ்வெல் அண்ணனிடம்தான் வாங்கினேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுதறதுன்னா எழுதிக்க. நடுவுல என்னைத் தூது அனுப்பாத" என்றார். அதனால் தபாலில் போடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதன் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அதிலும் எல்லா லீவுக்கும் வயிற்றுவலி என்றே எழுதுவேன். உண்மையை எழுத வேண்டிய நேரத்தில் இப்போது கை ஓட மாட்டேன் என்கிறது.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் சமையலறைக்கும் எங்கள் சமையலறைக்கும் ஒரே சுவர். விடியற்காலையில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவீர்கள், எழுந்துவிட்டாயா, பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிறது என்று. இப்போது அலாரம் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறேன். அந்தப் பக்கம் மேக்ஸ்வெல் அண்ணன் ஸ்டவ் பற்ற வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

கிறிஸ்துமஸுக்கு நம் சுரங்க லைன் வீடுகளில் உங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. நான் வாங்கி வந்து உங்கள் வாசலில் கட்டலாமா என்று நினைத்தேன். எந்த முகத்தோடு கட்டுவது? விட்டுவிட்டேன்.

சஞ்சய்க்கு மணல்வாரி அம்மை வந்துபோன அடையாளமே உடம்பில் இல்லை. வலது காதுதான் மந்தமாகிவிட்டது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. தினமும் உங்கள் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா தூங்குதா?" என்று கேட்கிறான். மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வேன்? தூங்குகிறான் என்றுதான் சொல்கிறேன்.

நேற்று பௌர்ணமி. எங்கள் புத்த விகாரையில் கிறிஸ்டோ பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றினேன். உங்கள் சபையில் இதை ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ. ஏழு மாதப் பிள்ளைக்கு எந்தச் சாமி கோபித்துக்கொள்ளப் போகிறது? அப்படியே கல்லறைக்கும் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன்.

என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள் அக்கா. நீங்கள் பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ராணி

*

ஆம்பூர்
12 ஜனவரி 2026

ராணிக்கு,

திட்டச் சொன்னாய். அந்த வேலை எனக்குச் சுலபம்.

நான் இங்கே வந்தபோது எனக்குப் பால் நிற்கவில்லை. பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டான், உடம்புக்கு அது தெரியவில்லை. அண்ணி மல்லிப்பூவை மார்பில் வைத்துக் கட்டிக் கட்டி வற்ற வைத்தாள். இப்போது தெருவில் பூக்காரி குரல் கேட்டாலே நான் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன். நீ என்னவென்றால் கல்லறையில் பூ வைத்தேன் என்று எழுதுகிறாய். இனி அங்கே போகாதே.

நவம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நினைவிருக்கிறதா? எப்போதும்போல் சஞ்சயைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய். "சளிதான் அக்கா, இன்னொண்ணும் இல்ல" என்றாய். என் கையில் திணித்துவிட்டு ரயிலுக்கு ஓடினாய். அவன் வாயில் காய்ச்சல் மருந்தின் ஆரஞ்சு வாசம் அடித்தது ராணி. உடம்பு சுட்டது தெரிந்து, மருந்தை ஊற்றி, சூட்டை அமுக்கி, அதன் பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தாய். முந்தின வாரம் பெங்களூரில் உன் அக்கா வீட்டில் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் பொரிந்திருந்தது என்பதையும் நீ சொல்லவில்லை. பிறகு லைனில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று பகல் முழுக்க அவன் கிறிஸ்டோவோடு ஒரே பாயில் கிடந்தான். சாயங்காலம் கண் சிவந்தது. அதற்குப் பிறகுதான் காதுக்குப் பின்னால் பொரிப்பொரியாக வந்தது. உன் பிள்ளை எழுந்து பிஸ்கட் தின்னத் தொடங்கிய வாரத்தில் என் பிள்ளை படுத்தான்.

கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பக்கத்துல ஊசி போடாத பெரிய பிள்ளை யாராவது உண்டா?" மணல்வாரிக்கு ஒன்பது மாதம் முடிந்தால்தான் ஊசியாம். அதுவரைக்கும் சுற்றி இருக்கிற பிள்ளைகள் போட்டிருந்தால் கைக்குழந்தையிடம் நோய் வந்து சேராதாம். வராந்தாவில் நின்று அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அதற்குள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு கிறிஸ்டோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் அவனுக்கும் அந்த ஊசியைப் போட்டிருப்பேன்.

பாப்பா தூங்குகிறான் என்று உன் பிள்ளையிடம் சொல்லாதே. செத்துவிட்டான் என்று சொல்.

ஜூடித்

*

மாரிகுப்பம்
25 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். மருந்து வாசத்தைப் பற்றி எழுதியிருந்தது உண்மைதான். கல்லறைக்கு இனி போகவில்லை.

ஆனால் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. இதை நான் எழுதாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். லைனில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ரயிலில், எங்கள் விகாரையில்கூட. "ஊசி போட்ட புள்ள போயிடுச்சு, போடாத புள்ள நிக்குது" என்று. கடைசி வீட்டு லவினாதான் சத்தமாகச் சொல்கிறவள். "ஜூடித் ஊசி போடற வியாழக்கிழமை ஒண்ணாச்சும் உட்டாளா? ஊசி ஊசின்னு ஓடினா. இன்னா ஆச்சு பாத்தியா? ராணி ஒண்ணுமே போடல, அவ பையன் குதிச்சிக்கினு கீறான்!"

அவளுக்கும் பத்து மாதத்தில் பிள்ளை இருக்கிறது. மணல்வாரி ஊசி போட வேண்டிய வயது. வீடு வீடாக வருகிற சுகாதாரத் துறை ஆஷா பணியாளர் போய்க் கதவைத் தட்டினால், திறக்காமல் ஜன்னல் வழியாகவே "வோணாம், போங்க" என்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கத்துப் பகுதி கோரமண்டலில் இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி வந்திருக்கிறது என்று கேள்வி.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. லவினாவிடம் போய், "கிறிஸ்டோக்கு மத்த ஊசிதான் போட்டுது. மணல்வாரிக்கு இன்னும் போடவே இல்லம்மா, வயசு வரல" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "உன் புள்ளைக்கே போடாத நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்றாள். பெங்களூரில் ஹவுஸ்கீப்பிங் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டும்போதுகூட நான் இப்படித் தலை குனிந்து திரும்பி நடந்ததில்லை.

பிப்ரவரி 12, வியாழக்கிழமை, நம் லைன் சமூகக் கூடத்திலேயே ஊசி போட வருகிறார்களாம். சாயங்கால ரயில் வந்து சேரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்களாம். நீங்கள் ஒரு நாள் வந்து, "என் பிள்ளைக்கு அந்த ஊசி போடவில்லை, போடும் வயது வருவதற்கு முன்பே போய்விட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் யாரும் நம்பவில்லை. பெற்றவள் சொன்னால் நம்புவார்கள்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிகிறது. கேட்காமல் இருந்தால் இன்னொரு பிள்ளை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ராணி

*

ஆம்பூர்
2 பிப்ரவரி 2026

ராணிக்கு,

வர மாட்டேன்.

என் பிள்ளையின் சாவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் சொல்ல வேண்டுமா? அதைக் கேட்டுவிட்டு அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் எதைத் தூக்கிக்கொண்டு போவேன்?

லவினா சொன்னது எனக்குப் புதிதல்ல. அடக்கம் முடிந்து வரும்போதே என் காதில் விழுந்தது. அதே லவினாவிடம் ஆஷா பணியாளர் என்னைக் காட்டி, "ஜூடித்தைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! கிறிஸ்டோவின் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போவேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையையும் சேர்த்து வாயில் போட்டு மெல்லுகிறார்கள். மெல்லட்டும். அவர்கள் பிள்ளைகள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

உன் நாடகமும் எனக்குப் புரிகிறது. ஊரையெல்லாம் ஊசி போட வைத்துவிட்டால் உன் மனசுக்கு நிம்மதி கிடைக்கும் என்று பார்க்கிறாய். முதலில் உன் பிள்ளைக்குப் போடு. பிறகு ஊருக்குச் சொல்.

நான் ஒரு வியாழக்கிழமைகூட விட்டதில்லை. என் கடமையை நான் செய்தேன். நீ உன் கடமையைச் செய்திருந்தால் இந்தக் கடிதங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

இனி எழுதாதே.

ஜூடித்

*

மாரிகுப்பம்
8 பிப்ரவரி 2026

ஜூடித் அக்கா,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

கடமையைச் செய்தேன் என்கிறீர்கள். போன ஜூலையை மறந்துவிட்டீர்களா? கிறிஸ்டோவுக்கு மூன்றரை மாத ஊசி. சஞ்சய்க்கு விட்டுப்போன ஊசிகளை எல்லாம் அன்றைக்கே போட்டுவிடலாம், ஒரே ஆட்டோவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். முந்தின நாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்தால் பேச்சு மாறியிருந்தது. "ராணி, ரெண்டுக்கும் ஒரே நாள்ல போட்டா மறுநாள் ரெண்டும் காய்ச்சல்ல கத்தும். எனக்கு ஒரு மடிதான் கீது. கிறிஸ்டோக்கு முடிஞ்சிடட்டும், இவனுக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னீர்கள். அதற்கடுத்த மாதம் நான் கேட்கவே இல்லை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேறு யார் இருந்தார்கள்? என் வீட்டுக்காரர் உதய் லாரியோடு போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். மாமனாருக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு போய்விட்டது. நல்லா இருக்கிற பிள்ளையை வாசலில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார், காய்ச்சலில் சிணுங்குகிற பிள்ளையைத் தூக்கி நடக்க அவரால் ஆகாது. நான் வெள்ளிக்கிழமை லீவு போட்டால் சனிக்கிழமை என் இடத்தில் வேறு ஒருத்தி துடைப்பத்தோடு நிற்பாள். நான் மட்டுமா? நம் லைனில் ரயில் பிடிக்கிற எல்லாப் பெண்களும் ஊசியை லீவு நாளுக்குத்தானே தள்ளி வைக்கிறோம்? தீபாவளிக்குப் போடலாம், கிறிஸ்துமஸுக்குப் போடலாம் என்று. ஊசிக்குப் பயந்து யாரும் தள்ளவில்லை அக்கா. ஊசி போட்ட மறுநாளுக்குப் பயந்துதான்.

இன்னொன்று. மருந்து வாசம் அடித்தது என்கிறீர்களே, பிறகு ஏன் பிள்ளையை உள்ளே வாங்கினீர்கள்? "காய்ச்சலா?" என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? நீங்கள் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. ஆனால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ரயில் நேரத்தில் நம் லைனில் யாரும் யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. அதை மரியாதை என்று வைத்திருக்கிறோம். அந்த மரியாதையில்தான் உங்கள் பிள்ளையும் போனான், என் பிள்ளையின் காதும் போனது.

இதோடு நிறுத்துகிறேன்.

ராணி

*

மாரிகுப்பம்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அந்தக் குரலில் பேசியிருக்கக் கூடாது. எழுதியதை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் அப்படி எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

நீங்கள் பதில் போடவில்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

12-ஆம் தேதி ஊசி போட வந்தார்கள். நர்சம்மா கன்னடக்காரர், நல்ல மாதிரி. ஐஸ் பெட்டியை மேஜை மேல் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று பிள்ளைகள் வந்தன. நான் சாயங்கால ரயிலில் இறங்கி, வீட்டுக்கு ஓடிப்போய் சஞ்சயைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசல் வரைக்கும் போனேன். மணல்வாரி வந்துபோனாலும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், அதிலேயே ரூபெல்லாவுக்கும் சேர்த்து மருந்து இருக்கிறதாம். மற்ற ஊசிகளும் பாக்கி. எல்லாம் அவர்தான் சொன்னார். "ஜ்வரா பந்த்ரே, காய்ச்சல் வந்தா, பயப்படாத, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்.

அந்த ஒரு நாளை யார் மடியில் போடுவது? மறுநாள் வெள்ளிக்கிழமை. லீவு கேட்டால் வேலை போய்விடும். வாசலில் நின்றேன், நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். லவினா தன் வீட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்தாள். தன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மாதிரி சிரித்திருந்தால் தேவலை.

போன வாரம் லவினாவின் பிள்ளைக்குக் காய்ச்சல். கண் சிவந்து, இருமல். முந்தாநாள் பொரிந்தது. நேற்று மூச்சு வாங்கத் தொடங்கியதும் கோலாருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிறிஸ்டோ இருந்த அதே வார்டு என்று அவள் வீட்டுக்காரர் ரோனி சொன்னார். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

லவினா என்னிடம் போனில் பேசினாள். அழவில்லை. "ஜூடித் அக்கா புள்ளைக்கு எப்டி இருந்துச்சு? மொதல்ல இன்னா ஆச்சு? நீ கேட்டுச் சொல்றியா?" என்றாள். எப்படிக் கேட்பேன் என்று சொன்னேன். அவள் போனைப் பிள்ளையின் பக்கம் பிடித்தாள். அது மூச்சு வாங்குவது கேட்டது.

மார்ச் 5, வியாழக்கிழமை, மறுபடியும் கூடத்துக்கு வருகிறார்கள். லவினாவின் பிள்ளைக்கு வந்தது தெரிந்தும் ஜனங்கள் ஒன்றும் மாறவில்லை. பாதிப் பேர், "பாத்தியா, அந்த வார்டுக்குப் போனா திரும்பாது" என்கிறார்கள். மீதிப் பேர் வேப்பிலை கட்டிவிட்டார்கள்.

உங்களை வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

ராணி

*

கோலார், ஆஸ்பத்திரி வராந்தா
4 மார்ச் 2026, புதன் மாலை

ராணி,

இதை மேக்ஸ்வெல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தூது போக மாட்டேன் என்றவர்தான். நான் எழுதி முடிக்கக் காத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

உன் பிப்ரவரி எட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்று உன்னைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான். ஒரு மடிதான் கீது என்று நான் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்றுதான் ஆம்பூருக்கு ஓடிப்போனேன் போலிருக்கிறது.

மதியம் இங்கே வந்தேன். வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது. மேக்ஸ்வெல் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக உள்ளே கூட்டிப்போனார். கிறிஸ்டோ கிடந்த கட்டிலில் வேறு யாரோ. அதற்கு அடுத்த கட்டிலில் லவினாவின் பிள்ளை. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் பிள்ளைக்கும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள்.

லவினா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளைக் கேட்க நான் நிறைய வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள், "கிறிஸ்டோக்கு இந்த ஊசி போட்டிருந்துச்சா அக்கா?" என்றாள். "இல்ல. வயசு வரல" என்றேன். பிள்ளையின் போர்வையை இழுத்து விட்டாள். "இதை ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனே" என்றாள்.

போட்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. போடாமலும் இருந்திருப்பாள். ஆனால் நீ கேட்டாய், நான் வர மாட்டேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆம்பூரில் உட்கார்ந்திருந்தேன். இது இனி என்னோடு இருக்கும். யார் பூ வைத்துக் கட்டினாலும் வற்றாது.

ஊசி என்றால் போட்டுக்கொள்கிற பிள்ளைக்குத்தான் என்று நினைத்திருந்தேன் ராணி. கிறிஸ்டோவுக்கு எல்லாம் போட்டாயிற்று, நம் வேலை முடிந்தது என்று நிம்மதியாகக் கதவைச் சாத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்குப் போடுகிற ஊசியும் என் பிள்ளைக்குத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் சொன்னபோதுகூட, உன்னைத் திட்டுவதற்குத்தான் அதை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் ஜூலை மாதத்து ஜூடித்தும் இருக்கிறாள் என்று காதில் விழவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று லைனில் சொல்லிக்கொண்டு திரியாதே. மன்னிக்கவில்லை. என்னையும்தான் மன்னிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சுவரை வைத்துக்கொண்டு இப்படியே இருப்போம், வேறு வழி இல்லை.

இன்று இங்கே லவினாவோடு இருக்கிறேன். ரோனி இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார மாட்டேன், மைக் கொடுத்தால் தூக்கி எறிவேன். வீடு வீடாகப் போவேன். கிறிஸ்டோவுக்கு அந்த ஊசி போடவில்லை என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் யாராவது என்னைத் தேற்ற வந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

சாயங்காலம் நீ ரயிலை விட்டு இறங்கி ஓடிவர வேண்டாம். சஞ்சயை நானே கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். கையைப் பிடித்துக்கொள்வேன், அழுதால் அழட்டும். பாப்பா எங்கே என்று கேட்டால் இடது காதுப் பக்கம் உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்லி வைக்காதே.

ஏன் உள்ளே வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தாய். ரயில் நேரம், அதனால்தான். நீயே பதிலும் எழுதிவிட்டாய். இனி கேட்பேன். தினமும் வாசலில் நிறுத்தி, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ரயில் போனால் போகட்டும்.

வெள்ளிக்கிழமை மட்டும் கேட்க மாட்டேன். விடியற்காலையில் சுவரைத் தட்டுவேன். பிள்ளையைக் கொண்டுவந்து கொடு. அவன் உடம்பு சுடும், நாள் முழுக்கச் சிணுங்குவான். தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறேன். மடி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. நீ போய் ரயிலைப் பிடி.

ஜூடித்